ட்ரையல் அண்ணன் கேமரா வாங்கிய கதை

ஓட்டிப் பார்க்காமல் எதையுமே வாங்கியதில்லை என்று சத்தியம் செய்யக்கூடிய மனிதர் நாமக்கல்லில் ஒருத்தர்தான். எங்கள் தெரு ட்ரையல் அண்ணன். பழைய லாரி வாங்கி விற்கிறவர். லாரியை ஓட்டிப் பார்ப்பது சரி, செருப்பு வாங்கினாலும் பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்று சுற்றி வந்துதான் தலையாட்டுவார். குடை வாங்கப் போய் மழைக்காக மூன்று நாள் காத்திருந்தார் என்பார்கள். நான் நம்புகிறேன்.

போன வருஷம் என்னிடம் வந்து, டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று வாங்க வேண்டும் என்றார். காரணம் அண்ணி. கல்யாண ஆல்பம் முதல் ரேஷன் கார்டு வரை ஒரு படத்திலும் அண்ணிக்குக் கண் திறந்ததில்லை. செல்போனிலும் அதே கதி. புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குள் ஹாலில் மாட்ட, கண் திறந்த படம் ஒன்றே ஒன்று வேண்டும்.

"கண்ணு மூடுன படத்த மாட்டுனா வர்ற சனம் என்னங்க தம்பி நெனைக்கும்?"

நியாயம்தான். பத்திரிகையில் எழுதுகிறவனுக்குக் கேமரா தெரியாமல் இருக்காது என்பது அவர் நினைப்பு. லென்ஸில் எது முன்பக்கம் என்பதே எனக்குச் சந்தேகம். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அவரோடு சேலத்துக் கேமரா கடைக்குப் போனேன்.

கடையிலிருந்த பெண் மெகாபிக்சல், ஐஎஸ்ஓ, ஃபுல் ஃப்ரேம், கிராப் சென்சார் என்று பொறுமையாக விளக்கினாள். அப்படியானால் ஒன்று முழு லோடு, இன்னொன்று அரை லோடா என்று அண்ணன் கேட்டார். அவள் யோசித்துவிட்டு ஆமாம் என்றாள். அதன்பிறகு அவளுக்கே குழம்பிவிட்டது. கேமராவோடு வருகிற லென்ஸே போதும் என்றாள். போதாது என்றார் கடை முதலாளி. நான் இருவருக்கும் தலையாட்டினேன்.

கடைசியில் செகண்ட் ஹேண்ட் கேமரா ஒன்றை எடுத்து, இது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கணக்கே சொல்ல முடியும் என்றாள். அண்ணன் முகம் அப்போதுதான் மலர்ந்தது. ஓட்டம் தெரிந்த வண்டி.

"நாளைக்கு லோடோட வாரனுங்க, ட்ரையல் பாக்கோணும்" என்றார்.

மறுநாள் அண்ணியைக் கடை ஸ்டூலில் உட்கார வைத்தோம். விடாமல் படபடவெனப் படம் எடுக்கும்படி முதலாளி கேமராவைத் திருகிக் கொடுத்தார். அண்ணன் அழுத்திய அத்தனை படத்திலும் கண் மூடியே இருந்தது. கேமராவைத் தூக்கினாலே மூடிக்கொள்கிறவரை வேகம் என்ன செய்யும்? லென்ஸை மாற்றினார்கள். ஸ்டூலைக்கூட மாற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, இந்த மூஞ்சிய ஊட்ல தெனமும் பாக்கறது பத்தாதுங்களா?"

அண்ணன் பதறிப்போய் அழுத்திவிட்டார். கண் இரண்டையும் அகலத் திறந்து, முறைத்தபடி ஒரு படம். படத்தின் ஓரம் மட்டும் லேசாகக் கலங்கியிருந்தது. அழித்துவிட்டு வேறு எடுக்கலாம் என்றார் முதலாளி.

"அழிச்சுப்போடாதீங்க. முப்பது வருசமா நான் பாக்கறது இதத்தானுங்க" என்று கேமராவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார் அண்ணன்.

கேமராவை அப்போதே வாங்கிவிட்டார். புது வீட்டு ஹாலில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பயந்து பயந்து சாப்பிட்டார்கள். கழற்றச் சொல்லி அண்ணி இன்றைக்கும் சண்டை போடுகிறார். போன வாரம் நான் போனபோது அதன் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். கேமராவைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இவர்கள் இருவரையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.