நாவற்குடாவின் குறட்டை

சனிக்கிழமை காலை கொழும்பிலிருந்து காது, மூக்கு, தொண்டை நிபுணர் வரவிருந்தார். புதன்கிழமை பின்னேரம் வரைக்கும் குறட்டைச் சத்திரசிகிச்சைக்கு ஓர் ஆள்கூடப் பெயர் கொடுக்கவில்லை.

யோசனை ரதீஸுடையது. மட்டக்களப்பு நகரத்துத் தனியார் வைத்தியசாலையொன்றின் கணினிப் பகுதி அவன் பொறுப்பில் இருந்தது. பலே கெட்டிக்காரன். எந்த ஊரார் இணையத்தில் எந்த நோய் வருத்தத்தைத் தேடித் தங்கள் வைத்தியசாலையின் பக்கத்துக்கு வருகிறார்கள் என்று தோண்டியெடுத்து, அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளில் சனத்துக்கு எதில் நாட்டம் என்று சொல்லிவிடுவான். வெல்லாவெளியில் முழங்கால் என்றான், முழங்கால்காரர் வந்தார்கள். குருக்கள்மடத்தில் கண்புரை என்றான்; பஸ் பிடித்து வந்தார்கள். பணிப்பாளர் டொக்டர் நல்லரத்தினம் போகிற இடமெல்லாம் அவன் புகழ்தான் பாடினார்.

இப்போது நாவற்குடாவில் குறட்டை கிடுகிடுவென ஏறிக்கொண்டிருந்தது. ரதீஸ் கலியாணம் முடித்து, ஊர் வழக்கப்படி பெண்வீட்டில் குடியேறியிருந்த இடமும் நாவற்குடாவின் குறுகலான ஓர் ஒழுங்கைதான். சொந்த ஒழுங்கைக்குச் சேவை செய்யக் கிடைத்ததே என்று அவனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

டொக்டர்தான் தயங்கினார். "ஆக்கள் வருவாங்களா ரதீஸ்?"

"தேடுற ஆக்கள் கட்டாயம் வருவாங்க டொக்டர்."

"வராட்டி திங்கக்கிழமை நீங்களும் வரத் தேவல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்னதைச் செய்கிற மனிதர்.

ரதீஸ் முதலில் சந்தியில் பெரிய பதாகை கட்டினான். படத்துக்கு ஆள் கிடைக்காததால் தானே தலையணையில் சாய்ந்து, வாயைத் திறந்து, கண்ணை மூடிக் காட்சி கொடுத்தான். அடுத்த நாள் பார்த்தால் தேடல் இரட்டிப்பாகியிருந்தது. பெயர் கொடுக்க மட்டும் யாருமில்லை.

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, "குறட்டையால் அவதியா?" என்று தானே அறிவித்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனான். பெண்கள் வாசல் படலையடிக்கு வந்து அவனைப் பார்த்தார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்தாள். தேடல் இன்னும் ஏறியது, பெயர்கள் வரவில்லை.

வெட்கம்தான் காரணம் என்று ரதீஸ் தீர்மானித்தான். வெள்ளிக்கிழமை வீடு வீடாகப் புறப்பட்டான். அடுத்த வீட்டுச் சின்னத்தங்கம் அவனை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள்.

"இதில வெக்கப்பட ஒண்டுமில்ல மாமி. ஆருக்கும் வாறதுதானே."

"ஓம் மனே. ஆனா இப்பிடி வெளிய சொல்லுறதுக்கு ஒரு துணிவு வேணும்."

அவளுடைய புருஷனுக்குத்தான் துணிவு போதவில்லை என்று ரதீஸ் விளங்கிக்கொண்டான். போன வீடெல்லாம் இதே பாராட்டு, இதே தேத்தண்ணி. வயிறு நிறைந்ததே தவிர, காரியம் ஆகவில்லை.

வீட்டில் மாமியார் சீதேவி, கேட்காமலே அவன் சோற்றுக் கோப்பையில் பெரிய இறாலாகப் பார்த்துப் போட்டாள். மனைவி கஜானி அவனைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். திங்கட்கிழமை வேலை இருக்காது போலிருக்கிறது என்று அவன் முறையிட்டபோது, அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பயப்பிடாதிங்க. நாளைக்கு ஒழுங்கை முழுக்க வரும். நான் சொல்லுறன்."

சொன்னதோடு நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்வந்தாள். இப்படியொரு பெண்சாதி கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று ரதீஸ் உருகிப்போனான். அவள் நல்லவள்தான், அதில் பொய்யில்லை.

சனிக்கிழமை நிபுணர் நேரத்துக்கே வந்து, கையுறையோடு காத்திருந்தார். வாங்குகள் உட்கார ஆளில்லாமல் காலியாகக் கிடந்தன. டொக்டர் நல்லரத்தினம் மணிக்கூட்டைப் பார்ப்பதும் ரதீஸைப் பார்ப்பதுமாக இருந்தார்.

அப்போதுதான் வாசலில் வேனொன்று வந்து நின்றது. பின்னால் இன்னொன்று. நாவற்குடா ஒழுங்கையே இறங்கியது. ஆளுக்கொரு பொருள் கையில்: பிளாஸ்க், தோடம்பழம், இளநீர், பாய், தலையணை. தங்கிச் சுகமாகிப் போகிற ஆயத்தத்தோடு வந்திருக்கிறார்களே என்று ரதீஸ் பூரித்தான். டொக்டர் ஓடிவந்து அவன் முதுகில் தட்டி, மேலதிகக் கட்டில்கள் போடச் சொன்னார்.

நிபுணர் வெளியே வந்து, முதலில் யார் என்று கேட்டார். சனம் முழுவதும் ரதீஸைப் பார்த்தது. அவன் முகமெல்லாம் சிரிப்பாக, யாராவது ஒருவர் வெட்கப்படாமல் முன்னுக்கு வரச்சொல்லி அழைத்தான்.

சின்னத்தங்கம் எழுந்துவந்து தலையணையை அவன் கையில் வைத்தாள்.

"நாங்க உங்களப் பாக்க வந்த ஆக்கள் மனே, நீங்க கலியாணம் முடிச்சு வந்த நாளையில இருந்து ஒழுங்கை முழுக்க நித்திரையில்லாம போனில தேடினது உங்களுக்குத்தான், வெக்கப்படாமப் போய்ப் படுங்க."