எதிராளிக்கும் புஸ்பம்தான் டைப்பிஸ்ட்

தலைமை லிகிதர் என்கிற பெரிய கிளாக்கர் பதவி மூன்றாவது தடவையும் புஸ்பத்தைத் தாண்டிப் போய், மனேஜர் நல்லரத்தினத்தின் அக்கா மகன் யோகராசாவின் மடியில் விழுந்தது. அந்தக் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் அவள் டைப் அடிக்கத் தொடங்கிப் பதினொரு வருசம். யோகராசா வந்து பதினொரு மாதம். கடித உறையில் முத்திரையை எந்தப் பக்கம் ஒட்டுவதென்று பியோன் ஆதம்பாவாவிடம் இன்னும் கேட்கிறவன்.

வயிறு எரியாதா? நேரே போய்க் காரணம் கேட்டாள்.

"பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்தப் பொறுப்பு?" என்றார் மனேஜர், ஏதோ நல்லது சொல்லுகிறவர் மாதிரி.

அதை எழுத்தில் தரும்படி கடிதம் கொடுத்தாள். பதில் வரவில்லை, மேசைதான் இடம் மாறியது. உர மூட்டைகளுக்குப் பக்கத்து மூலை. தும்மித் தும்மி டைப் அடித்தாள். தொழிற்சங்கத்தில் கேட்டபோது, நடப்பதையெல்லாம் திகதியோடு கொப்பியில் குறித்து வை என்றார்கள். குறித்தாள். கொப்பியைக் கண்ட மனேஜர், இவ்வளவு எழுத நேரமிருக்கிறதே என்று யோகராசாவின் வேலையையும் அவள் தலையில் கட்டிவிட்டார்.

விடுவாளா? தலைமைக் கந்தோருக்கே மனுப் போட்டாள். அவர்கள் மனேஜரிடம் விளக்கம் கேட்டார்கள். அங்கேதான் பிடித்தது சனி. அந்தக் கந்தோரில் டைப் அடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த விளக்கத்தை அடித்த அன்றும் படுவான்கரையிலிருந்து தோணியில் வாவி கடந்து, ஆமிச் சென்றியில் பையைக் கொட்டிக் காட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள். மனேஜர் எழுதிய தாளை ஆதம்பாவா கொண்டுவந்து நீட்டினார். பிரச்சினையான நாட்களில் பெண்கள் வீட்டில் நின்றுவிடுவார்கள், அவர்களை நம்பிக் கந்தோர் நடத்த முடியாது என்பதுதான் விசயம். அதைச் சொல்ல மனேஜர் பட்ட பாடு இருக்கிறதே, வரிக்கு மூன்று பிழை.

அப்படியே அடித்துக் கொடுத்திருந்தால் தலைமைக் கந்தோர் சிரித்திருக்கும், புஸ்பம் வென்றிருப்பாள். ஆனால் பிழையான தாள் ஒன்று தன் மெஷினை விட்டுப் போனால் அவளுக்குச் சோறு இறங்காது. திருத்தினாள், பந்தி பிரித்தாள், திகதி போட்டாள். முடித்து வாசித்தபோது, வேலைக்குத் தான் லாயக்குத்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் இப்படியொரு கடிதம் இந்த மாவட்டத்தில் வேறு யார் அடிப்பார் என்று பெருமையாகவும் இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி வினாயகமூர்த்தி அதை இரண்டு தரம் வாசித்தார்.

"நல்ல விளக்கம். இதுக்கு என்ன சொல்றீங்க, மிஸ்?"

புஸ்பத்தின் கண் தாளின் பந்தி பிரிப்பிலேயே நின்றது. தன் எழுத்தைத் தானே எப்படிக் குறை சொல்வது? மனேஜர் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

தேத்தண்ணி வைக்க வந்த ஆதம்பாவா, அதிகாரியின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார்.

"இது ஹர்த்தால் நடந்த அண்டைக்கு அடிச்ச கடிதம்தானே, சேர்? மனேஜர் ஐயா வீட்ட உட்டு வெளிக்கிடல்ல, எழுதி என்னட்டத் தந்துவிட்டவர். நானும் குடுத்த கையோட வீட்ட போயிட்டன். அண்டைக்குப் பொழுதுபடும் வரைக்கும் கந்தோர நடத்தினது இந்தப் புள்ள ஒராள்தான்."