நாளொன்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர்

மனித குலத்தின் அறிவுத் தாகத்தை அளப்பதற்கென்று இதுவரை உருவாக்கப்பட்டுள்ள கருவிகள் அனைத்திலும் தலைசிறந்தது, அந்தச் சிறிய ஊரின் கிளை நூலக வாசற்சட்டத்தில், இடுப்பளவு உயரத்தில், இரண்டு திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்த கருவியே ஆகும். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. யாராவது வாசலைக் கடந்தால் சிவப்பாக ஒருமுறை கண் சிமிட்டி, ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். கடந்தவர் படித்தவரா பாமரரா, புத்தகம் தேடி வந்தவரா மழைக்கு ஒதுங்கியவரா என்ற பேதம் அதற்குக் கிடையாது. உள்ளே வருகிறாரா வெளியே போகிறாரா என்ற பேதமும் கிடையாது. இத்தகைய சமநோக்கு மனிதரிடத்தில் காண்பதரிது.

கருவியோடு தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்தது. நாளொன்றுக்குச் சராசரியாக அறுபது வருகைகளேனும் பதிவாகாத கிளைகள், ஆறு மாத முடிவில், அடுத்த ஊர்க் கிளையோடு 'இணைக்கப்படும்' என்று அது அன்போடு தெரிவித்தது. இணைப்பு என்பது, இருக்கும் கட்டடத்தைப் பூட்டிச் சாவியை அடுத்த ஊருக்கு அனுப்புவதாகும்.

முதல் மாதச் சராசரி இருபத்திரண்டு.

நூலகர் அந்த எண்ணை மூன்று முறை பார்த்தார். அவர் தும்மினால்கூட அருகிலிருக்கும் அலமாரியிடம் மன்னிப்புக் கேட்கும் இயல்புடையவர். இருபத்தாறு ஆண்டுப் பணியில் எவரிடமும் 'இல்லை' என்று சொன்னதில்லை. 'பரிசீலிக்கலாம்' என்றே சொல்லியிருக்கிறார். மூன்று வணக்கங்களும் ஒரு பொறுத்தருள்கையும் இல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாது. அப்பேர்ப்பட்டவர், கிளையை இழந்துவிடுவோமோ என்று அஞ்சி, தம் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு செயலில் இறங்கினார். சுற்றறிக்கையின் பின்னிணைப்பைப் படித்தார்.

'நூலகம் என்பது நூல்களுக்கான இடம் என்னும் பழைய எண்ணத்தைக் கைவிட்டு, அதனைச் சமூக வள மையமாக உயர்த்துக' என்று அதில் இருந்தது. உயர்த்தத் தொடங்கினார்.

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குச் 'சிரிப்புப் பயிற்சி'. வியாழக்கிழமை 'மன அமைதி முகாம்'. இடையில், வேலை தேடுவோருக்குத் தன்விவரக் குறிப்பு எழுதக் கற்றுத்தரும் பட்டறை. புத்தக அட்டைகள் இருந்த பழைய இழுப்பறைகளில் அகரவரிசைப்படி விதைகளை நிரப்பி, 'விதை இரவல்' என்றொரு திட்டத்தையும் தொடங்கினார். கத்தரி 'க'வில்; வெண்டை 'வ'வில். அதற்கு வரவேற்பு அமோகம். எறும்புகள் ஒழுங்காக, வரிசை தவறாமல், ஆயிரக்கணக்கில் வந்து பயன்பெற்றன. கருவி இடுப்பளவு உயரத்தில் இருந்தபடியால், அவை கணக்கில் சேரவில்லை.

எல்லாவற்றிலும் மகத்தான வெற்றி 'கருவி இரவல்' திட்டமே. நூலகத்திடம் தலை ஆடும் சுத்தியல் ஒன்றும், காற்றடிக்கும் பம்பு ஒன்றும், மேல் தட்டுப் புத்தகங்களை எடுக்க உதவும் மர ஏணி ஒன்றும் இருந்தன. தொடக்க நாளிலேயே ஒரு வெள்ளையடிப்பவர் வந்து, ஏணியை இரவல் கேட்டார். நூலகர் அவரோடும் ஏணியோடும் நின்று படமெடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினார். இரண்டு வாரங்களில் ஏணி திரும்பவில்லை. புத்தகங்களுக்கு அனுப்பும் நினைவூட்டல் அட்டையையே அனுப்பினார். 'நூலின் பெயர்: ஏணி. ஆசிரியர்: தெரியவில்லை.'

இந்த இடத்தில்தான் தையல்காரம்மா வருகிறார்.

எதிர்ச் சாரியில் தையல் கடை வைத்திருப்பவர். நாள்தோறும் ஒன்றரை மணிக்கு, மணிக்கட்டில் குண்டூசி மெத்தையோடு வந்து, சன்னலோரம் அரை மணி நேரம் படித்துவிட்டுப் போவார். நூலகத்துக்குத் தவறாமல் வரும் ஏழு பேரில் ஒருவர். மூன்று பாகங்கள் கொண்ட ஒரு தடித்த நாவலை ஆண்டுத் தொடக்கத்திலிருந்து படித்துவந்தார்.

"சார், ரெண்டாம் பாகம் முடிஞ்சிருச்சு. மூணாம் பாகம் வேணும்."

"மிக்க மகிழ்ச்சிம்மா. தப்பா நினைக்கக்கூடாது. அது மேல் தட்டுல இருக்கு. ஏணி இரவல் போயிருக்கு."

"ஏணியை எந்த ஊர்ல சார் இரவல் குடுப்பாங்க?"

"திட்டத்துல இருக்கும்மா."

"கதையில அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திட்டாங்க சார். யாரு முதல்ல பேசினான்னு தெரியாம எனக்கு வேலையே ஓடல. நேத்து ஒரு சட்டைக்கு ரெண்டு கையையும் ஒரே பக்கம் வச்சுத் தச்சுட்டேன். அந்த ஆளு போட்டுப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டாரு. ஒரு நாற்காலி போட்டு ஏறி எடுங்களேன்."

"நாற்காலிமேல ஏறுறது விதிப்படி கூடாதும்மா. ஆனா உங்க கோரிக்கையை முன்னுரிமையோட பரிசீலிக்கலாம். நிகழ்ச்சி முடியட்டும். இதோ, ஆளுங்க வர்றாங்களான்னு ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துர்றேன்."

இந்த 'ஒரு நிமிஷம்'தான் அந்நூலகத்தின் பொற்காலத்தைத் தோற்றுவித்தது.

சிரிப்புப் பயிற்சிக்கு இருபது நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. நூலகர் வாசலைக் கடந்து தெருவுக்குப் போனார், இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், உள்ளே வந்து ஒரு நாற்காலியை நேர்ப்படுத்தினார். மறுபடி போனார். எதிர்ச் சாரியில் நின்றிருந்த ஒருவரை நம்பிக்கையோடு பார்த்தார். அவர் பேருந்துக்கு நின்றவர். நூலகர் உள்ளே வந்தார். ஆறு மணி வரை யாரும் வரவில்லை. ஆகவே ஆறு மணி வரை அவரும் ஓயவில்லை. இறுதியில் இருபது நாற்காலிகளுக்கு நடுவே நின்று, அறிவித்த நிகழ்ச்சி நடக்காமல் போகக்கூடாதே என்ற கடமையுணர்ச்சியால், தனியாக ஒருமுறை சிரித்தார்.

மாதக் கடைசியில் கருவியைப் பார்த்தார். சராசரி: தொண்ணூற்று நான்கு.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தொண்ணூற்று நான்கேதான். கண்ணுக்குப் புலப்படாத ஒரு வாசகர் கூட்டம் வந்து போவதாக அவருக்குப் புல்லரித்தது. நிகழ்ச்சி எவ்வளவு மோசமாகத் தோற்கிறதோ அவ்வளவு வருகை கூடுவதை அவர் கவனித்தார். ஆனால் காரணம் ஆராயவில்லை. வெற்றியை ஆராய்வது நன்றிகெட்ட செயல் அல்லவா?

முதலில் ஐயம் எழுப்பியவர் அவருடைய மனைவி. மருந்துக் கடையில் சீட்டு பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவர். எந்தக் கையெழுத்தையும் படித்துவிடுவார். ஒரு காலை, வாசலில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்தார்.

"என்னங்க, இது போன மாசம் வாங்கினதுதானே?"

"ஆமாம்மா. ஏன்?"

"குதிகால் ரெண்டும் அப்பளமாத் தேஞ்சு கெடக்கு. உங்களுக்கு உக்காந்து பாக்குற வேலைதானே? தபால்காரர் யாருக்காவது மாத்திக் குடுத்துட்டு வந்துட்டீங்களா?"

அவருக்கு விளங்கவில்லை. நூலகத்தில் அதை உதவியாளரிடம் சொன்னார். முப்பது ஆண்டுகளாகப் புத்தகங்களில் தேதி முத்திரை குத்திவருவதால் 'முத்திரையம்மா' என்று பெயர் பெற்றவர் அவர். மைத் திண்டை மூடிவிட்டு விரல் விட்டு எண்ணினார்.

"நம்ம ஏழு பேரு வந்து போனா பதினாலு. நாம ரெண்டு பேரும் காலையில வந்து, சாப்பிடப் போய், திரும்பி வந்து, சாயங்காலம் கெளம்பினா எட்டு. ஆக இருவத்திரண்டு. சரியா சார்?"

"மிகச் சரி."

"தொண்ணூத்தி நாலுல இருவத்திரண்டு போனா எழுவத்திரண்டு. நேத்து நீங்க தெருவை எட்டிப் பாக்க முப்பத்தாறு தடவை போனீங்க. நான் எண்ணினேன். எனக்கும் பொழுது போகணுமில்ல? போக முப்பத்தாறு, வர முப்பத்தாறு."

நூலகர் நாற்காலியில் அமர்ந்தார். "அந்தக் கூட்டம்..." என்றார்.

"கூட்டம்தான் சார். ஆளுதான் ஒண்ணு."

அவர் நேர்மையாளர். அன்றே தலைமையகத்துக்கு உண்மையைத் தெரிவித்துக் கடிதம் எழுதினார். நான்கு பக்கம். அனுப்புமுன் மனைவியிடம் காட்டினார்.

"எழுத்தெல்லாம் முத்து முத்தா இருக்கு. தப்பை ஒத்துக்கிறது எந்தப் பக்கத்துல வருது?"

"நாலாம் பக்கம், கடைசிப் பத்தியில. முன்னாடியே சொன்னா மரியாதையா இருக்காதில்ல."

"அதுவரைக்கும் யாருங்க படிப்பாங்க?"

"என்னம்மா கேள்வி இது? நூலகத் துறை தலைமையகம். அங்க படிக்க மாட்டாங்களா?" என்றார் நூலகர்.

இரண்டு வாரங்களில் பதில் வந்தது. முதல் பக்கத்திலிருந்த வணக்கத்துக்கு நன்றி தெரிவித்து, மண்டல ஆய்வாளர் நேரில் வந்து பாராட்டுவார் என்று கண்டிருந்தது.

ஆய்வாளர் வந்தார். அளவுநாடாவோடு வந்தார்.

"உங்க கடிதம் பாத்தேன். என்ன ஒரு பணிவு!"

"தங்கள் பெருந்தன்மை, ஐயா. அந்த நாலாம் பக்கம்..."

"ஆமா, நாலு பக்கம். அதையும் பாத்தேன்." ஆய்வாளர் அலமாரிகளின் அகலத்தை அளந்தார். "ஒரு நாளைக்குத் தொண்ணூத்தி நாலு பேரு. இரவல் போற புத்தகம் எத்தனை?"

"மூணுங்க," என்றார் முத்திரையம்மா.

"ஆக, தொண்ணூத்தியோரு பேரு புத்தகத்துக்காக வரல. நிகழ்ச்சிக்கு வர்றாங்க. பாவம், நிக்க எடமில்லாம உள்ள வர்றதும் வெளிய போறதுமா அலையறாங்க."

முத்திரையம்மாவுக்குக் கடும் இருமல் வந்தது.

"இந்த அலமாரியெல்லாம் மக்களுக்கு இடைஞ்சல். புத்தகத்தை எல்லாம் கிடங்குக்கு அனுப்பிட்டா, கூடம் பெருசாயிடும். இருநூறு பேரு உக்காரலாம். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"சொல்லுங்க சார்," என்று முத்திரையம்மா நூலகரின் முழங்கையை இடித்தார். "இப்பவாவது வாயைத் தொறங்க."

நூலகர் எழுந்து நின்றார். சன்னலோர நாற்காலியைப் பார்த்தார். மேல் தட்டைப் பார்த்தார். பேசினார்.

"ஐயா, தாங்கள் தவறாக எண்ணமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில், தங்கள் பொன்னான நேரத்தில் ஒரு சிறு பகுதியை அடியேனுக்கு ஒதுக்கி, அந்த எண்ணிக்கையைப் பொறுத்தவரை, தங்கள் மேலான கவனத்துக்கு..."

"நல்லது. அதை ஒரு கடிதமா எழுதி அனுப்பிடுங்க," என்று ஆய்வாளர் பேனாவை நீட்டினார்.

நூலகர் கையெழுத்திட்டார். பழக்கதோஷத்தில், மேலே 'மிக்க நன்றியுடன்' என்றும் எழுதினார்.

அலமாரிகளை அகற்றும் நாளிலேயே 'வாசிப்பை நேசிப்போம்' விழாவையும் நடத்தும்படி ஆணை வந்தது. நான்கு மணி விழாவுக்கு நூலகர் காலை முதலே தெருவில் நின்று, இடமும் வலமும் பார்த்து, கூட்டத்தை எதிர்நோக்கியிருந்தார். முன்வாசலில் அவர் வரவேற்றுக்கொண்டிருக்க, பின்வாசல் வழியாகப் பதினோராயிரம் நூல்கள் பெட்டிகளில் ஏறி லாரியில் கிளம்பின. பின்வாசலில் கருவி இல்லாமையால், அந்தப் புறப்பாடு எந்த எண்ணிக்கையிலும் வரவில்லை.

மேல் தட்டுகளைக் காலி செய்யவும் சுவருக்கு வெள்ளையடிக்கவும் ஒப்பந்தக்காரர் அனுப்பியிருந்த ஆள், வேலை முடிந்ததும் நூலகரிடம் வந்து தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். நாலு எடத்துல வேலை, கொண்டாந்து குடுக்க நேரமில்ல. இந்தாங்க உங்க ஏணி. நல்ல ஏணி சார். இது இல்லேன்னா இன்னிக்கு அந்த மேல் தட்டை எட்டியே இருக்க முடியாது."

நூலகர் ஏணியைப் பெற்றுக்கொண்டு, 'திரும்பப் பெறப்பட்டது' என்று பதிவேட்டில் குறித்தார்.

அடுத்த வாரம் தலைமையகத்திலிருந்து, கண்ணாடிச் சட்டமிட்ட பாராட்டுப் பத்திரம் வந்தது. வெறுஞ்சுவரில், முன்பு மேல் தட்டு இருந்த உயரத்தில், முறைப்படி மாட்டப்பட்டது. ஏணி அதன் கீழேயே சாய்ந்திருந்தது.

வெள்ளை காய்வதற்காகப் பூட்டியிருந்த கூடம் அன்றுதான் திறந்தது; ஒன்றரை மணிக்குத் தையல்காரம்மா வந்தார். உள்ளே இருநூறு நாற்காலிகள். சன்னலோரம் எதுவென்று அவருக்குப் பிடிபடவில்லை. முத்திரையம்மா முத்திரையைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஏணி வந்துருச்சுன்னு முத்திரையக்கா சொன்னாங்க சார். மூணாம் பாகம்?"

நூலகர் சுவரைப் பார்த்தார். தையல்காரம்மாவும் பார்த்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். அந்த உயரத்தில் எழுதியிருந்ததை, ஆண்டுக்கணக்காய் அங்கேயே படித்துப் பழகியவருக்குரிய தெளிவோடு, உரக்கப் படித்தார்.

"'நாளொன்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் திரண்டு வந்து பயன்பெறும் இந்த முன்மாதிரி மையத்தை...' யாரு சார் இவங்கள்லாம்? நான் தினமும் வர்றேனே, ஒருத்தரையும் பாத்ததில்லையே?"

நூலகர் வாய் திறந்தார். வணக்கங்களும் பொறுத்தருள்கைகளும் வழக்கம்போல் வரிசையில் வந்து நின்றன. இம்முறை அவற்றைத் தாண்டி, அவர் வாழ்நாளில் பேசியவற்றுள் மிகச் சிறிய வாக்கியம் வெளிவந்தது.

"நான்தாம்மா."

"எல்லாருமா?"

"நீங்க ஏழு பேரும் முத்திரையம்மாவும் போக, மிச்சம் அத்தனையும் நான்தான்."

தையல்காரம்மா ஏணியின் உச்சியில் நின்றபடியே பத்திரத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு படி படியாக இறங்கி, கீழே வந்து, மணிக்கட்டிலிருந்த குண்டூசிகளைச் சரிசெய்துகொண்டார்.

"இத்தனை பேரா இருந்தீங்க. மேல இருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் குடுக்க ஒருத்தர் இல்லாமப் போயிட்டீங்களே, சார்."