தீர்த்தம் குடித்த டீசல் எஞ்சின்

தனியாக இருப்பவனுக்குப் பேச ஆள் கிடைத்தால் ஆபத்து. தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்துவிடுவான். எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் டீசல் எஞ்சின்.

அறுபதுகளின் தொடக்கம் அது. முதுகுளத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான், மழையை நம்பியது போதும் என்று மண்டபத்துக்கு வந்து, ஒரு கருவாட்டு வியாபாரியின் சின்ன லாரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். புதுமடத்தில் கருவாடு ஏற்றிக் கமுதியில் இறக்குவேன். திரும்பும்போது மிளகாய் வத்தல். இரண்டும் கலந்த வாசனை என் சட்டையை விட்டுப் போனதே இல்லை. அய்யாவும் ஆத்தாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கருவாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் வாசம். சமைத்தால் ஒருவனுக்கு, பேசினால் எஞ்சினோடு. (அது பதில் சொல்லும். நம்பாதவர்கள் டீசல் வண்டி ஓட்டியிருக்க மாட்டார்கள்.)

அப்போதுதான் கமுதியிலிருந்து தூரத்துச் சொந்தமான ஒரு மாமா, தன் மகள் ராக்கம்மாளுக்கு என்னைப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடிவிட்டு வருவார்களாம். அந்தக் காலத்தில் பாம்பனுக்குச் சாலைப் பாலம் கிடையாது, ரயில்தான். அந்த ரயிலிலேயே ராமநாதபுரம் வரை போயிருக்கலாம். பையன் எப்படிப் பேசுகிறான், எப்படி ஓட்டுகிறான் என்று பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் மண்டபத்தில் இறங்குகிறார்கள். அங்கிருந்து கமுதி வரை நான் கொண்டுபோய் விட வேண்டும். இந்தக் கல்யாணம் நடந்தால் எனக்கு ஒரு வீடு கிடைக்கும், வீட்டில் பேச ஒரு ஆள் கிடைக்கும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

லாரியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பின்னால் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்தேன். ஸ்டேஷனில் இறங்கிய மாமா என்னைப் பார்ப்பதற்கு முன் வண்டியைத்தான் பார்த்தார்.

"டீசலா? நம்ம பெட்ரோல் வேன் அடிக்கடி படுத்துக்கிருது. டீசலுக்கு மாறலாமான்னு யோசிக்கேன். நீங்க என்ன சொல்றீக தம்பி?"

என்னிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. விடுவேனா?

"பெட்ரோல் எஞ்சின் சீக்காளிப் பிள்ளை மாமா. பிளக்குல கரி பிடிச்சா படுத்துக்கிரும். கார்புரேட்டர்ல தூசி உக்காந்தா இருமும். வெயில் ஏறுனா பெட்ரோல் ஆவியாகி அடைச்சு, நடுரோட்டுல நின்னுக்கிரும். டீசலுக்குப் பிளக்கும் கிடையாது, கார்புரேட்டரும் கிடையாது. எதைக் குடுத்தாலும் செரிச்சிரும்."

ஒரு சொம்பு நிறையத் தீர்த்தம் பிடித்து வந்திருந்த அத்தை இதைக் கேட்டுக்கொண்டே நின்றார். முதலில் என் தலையில் தெளித்தார். பிறகு பானெட்டில், சக்கரங்களில். அப்புறம், "எதைக் குடுத்தாலும் செரிச்சிரும்னா, உள்ள கொஞ்சம் விடலாம்ல தம்பி? வெளிய தெளிச்சா வெயில்ல காஞ்சு போகுது" என்றார்.

டீசலுக்கும் தண்ணீருக்கும் ஆகாது என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்த கிளீனருக்குக்கூடத் தெரியும். ஆனால் மாமியார் ஆகப்போகிறவர் ராமேஸ்வரத்துத் தீர்த்தத்தோடு நிற்கிறார். நான் இப்போதுதான் அவ்வளவு பீற்றியிருக்கிறேன். டாங்க் மூடியைத் திறந்தேன். ரெண்டு சொட்டு விடுவார் என்று நினைத்தேன். அத்தை சொம்பையே கவிழ்த்துவிட்டார்.

உச்சிப்புளி தாண்டும்வரை வண்டி சமர்த்தாக ஓடியது. மாமாவும் அத்தையும் என் பக்கத்தில். ராக்கம்மாளும் அவள் சின்னம்மாவும் பின்னால். பிறகு ஒரு குலுக்கல், வெள்ளையாய்ப் புகை, இரண்டு இருமல். பனங்காட்டுக்கு நடுவே நின்றுவிட்டது.

"ஏன் தம்பி?" என்றார் மாமா.

வைத்தியம் சுலபம். டாங்க்கின் அடியில் ஒரு நட்டு இருக்கிறது. அதைக் கழற்றினால் தண்ணீர் வெளியே ஓடிவிடும். ஆனால் அத்தை அத்தனை தூரம் சுமந்து வந்த தீர்த்தத்தை, அவர் கண் முன்னாலேயே, காலில் மிதிபடும் ரோட்டில் எப்படி ஊற்றுவது? எங்கள் பக்கம் அப்படிச் செய்கிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள்.

"காத்து அடைச்சிருச்சு மாமா" என்றேன். குழாயைத் தளர்த்திக் காற்றை எடுத்தேன். எஞ்சின் உறுமி அணைந்தது. "டீசல் பீச்சுற நாசில்ல கரி போல." மறுபடி அணைந்தது. "பில்டர்ல அழுக்கு." அணைந்தது. "பம்பு தேஞ்சிருக்கும்."

மாமா துண்டால் விசிறிக்கொண்டார். "பெட்ரோலுக்கு மூணு சீக்குச் சொன்னீக. இதுக்குக் கணக்கே இல்ல போலயே."

அத்தை அவர் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. "தீர்த்தம் விட்டும் நின்னுருச்சேங்க. சகுனம் சரியில்ல." பேச்சு இப்படித் திரும்பும் என்று நான் யோசிக்கவே இல்லை. தீர்த்தத்தால் நின்றது என்று சொன்னாலும் கெட்டது, சொல்லாவிட்டாலும் கெட்டது.

கை கழுவத் தண்ணீர் கொண்டு வருகிற சாக்கில் ராக்கம்மாள் பானெட் பக்கம் வந்தாள். வேன் இருக்கும் வீட்டில் வளர்ந்த பெண். "டாங்க்குக்குள்ள தண்ணி போனதாலதான நின்னுச்சு? சொல்லிற வேண்டியதுதான" என்றாள் மெதுவாக.

"அதெல்லாம் இல்ல, நாசில்தான்" என்றேன். (எனக்காகப் பேச வந்த ஒரே ஜீவன். அவளிடமும் நாசில்.)

சற்று நேரத்தில் காலியாக ஒரு வேன் வந்தது. பெட்ரோல் வேன்தான். அத்தனை பேரும் ஏறிக்கொண்டார்கள். "பாத்து வாங்க தம்பி" என்றார் மாமா. புழுதி அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு வாளியை வைத்து நட்டைக் கழற்றினேன். வந்த தண்ணீரை ஒரு பனையின் தூரில் ஊற்றிக் கும்பிட்டுவிட்டு, காற்றை எடுத்து, சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்துக்கொண்டது. அன்றைக்கு ஓடியதுபோல அந்த எஞ்சின் என்றைக்கும் ஓடியதில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அழுதேன்.

ராக்கம்மாளைப் பரமக்குடியில் ஒரு வாத்தியாருக்குக் கொடுத்தார்கள். அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. எனக்கு வேறு இடம் அமையவில்லை. கொஞ்ச காலம் கழித்து நானும் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

தண்ணீர் விஷயத்தைத் தன் கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவள் வீட்டில் உடைத்திருக்கிறாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்த விசேஷமானாலும் என் கதை இல்லாமல் பந்தி முடியாதாம். அவள் மகள் கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பந்தலுக்குள் நுழைந்ததும் ராக்கம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி, "இவுகதான் நம்ம டீசல் மாப்பிள்ளை" என்றாள். பந்தலே சிரித்தது. அதிகம் சிரித்தது அத்தைதான். எனக்குக் கொஞ்சம்கூடக் கோபம் வரவில்லை.

இப்போது அவள் பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தாத்தா என்று கூப்பிடச் சொல்லிப் பெரியவர்கள் அதட்டினால், விடுங்கள் என்று நான்தான் தடுப்பேன். என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட உலகத்தில் அந்த ஒரு வீடுதான் இருக்கிறது.