உப்புக்கோச்சியின் பங்காளிகள்

ஊர் சிரிக்கிற மாதிரி ஒரு காரியம் செய்துவிட்டவனுக்கு வழக்கமாக இரண்டு வழிகள் உண்டு. ஊரைவிட்டுப் போகலாம். அல்லது ஊரோடு சேர்ந்து தானும் சிரித்துத் தொலைக்கலாம். நான் மூன்றாவது வழியில் போனவன். நான் செய்தது சரிதான் என்று இன்றுவரைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். கோட்டும் டையுமாக உப்புப் பாத்திக்குள் குதித்ததையோ, அதைக் கட்டாரிலும் இத்தாலியிலும் இருக்கிற தெரிந்தவர் அறிந்தவர் எல்லாம் நேரலையில் பார்த்ததையோ நான் மறுக்கவில்லை. அது தோல்வி என்பதைத்தான் மறுக்கிறேன். என் வீட்டார் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்வார்கள். அவர்களிடம் வீடியோ இருக்கிறது, அவ்வளவுதான்.

பாலாவியில் என் மாமாவுக்கு (மனைவி ரிஸ்வானாவின் வாப்பாவுக்கு) ஒரு தென்னந்தோட்டம் உண்டு. ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் கற்பிட்டி ரோட்டு. அந்தத் தோட்டத்தின் உப்பளப் பக்க மூலையில்தான் அந்த நீராவி எஞ்சின் கிடந்தது. ஒரு காலத்தில் உப்பு மூட்டை ஏற்றிய பெட்டிகளைக் களப்புக் கரை வரைக்கும் இழுத்துப் போனதாம். ஊரில் ரயிலுக்குக் கோச்சி என்றுதான் பெயர், ஆகையால் இது உப்புக்கோச்சி. தண்டவாளத்தை யாரோ எப்போதோ கழற்றி விற்றுவிட்டார்கள். எஞ்சினைத் தூக்க முடியாததால் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். புகைபோக்கிக்குள்ளிருந்து ஒரு முள்மரம் முளைத்து வெளியே எட்டிப் பார்த்தது. நெருப்புப் போடுகிற அறைக்குள் மாமியின் கோழிகள் முட்டையிட்டன.

பெண் பார்க்கப் போன அன்றே நான் அதைப் பார்த்துவிட்டேன். "என்னப் பாக்க வந்துட்டு அதத்தானே பாத்துட்டு இருந்தீங்க" என்று ரிஸ்வானா இன்றைக்கும் குத்திக் காட்டுவாள். இரண்டையும் பார்த்தேன் என்பதே உண்மை. இரண்டையும் எனக்குப் பிடித்தது.

அந்த வருஷம் நோன்புப் பெருநாளன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது மாமா சாதாரணமாகச் சொன்னார், பழைய இரும்பு வாங்குகிற ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதாகவும், கோச்சியை வெட்டி ஏற்றுவதாகப் பேச்சு முடிந்துவிட்டதாகவும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"மாமா, அது இரும்பில்ல, வரலாறு!" என்றேன். (நான் டியூஷன் வகுப்பில் சரித்திரம் படிப்பிக்கிறவன். எனக்கு இப்படித்தான் பேச வரும்.)

மாமா ஒரு துண்டு இறைச்சியை எடுத்து என் பக்கம் வைத்துவிட்டுக் கேட்டார். "வரலாறு கிலோ என்ன வெலக்கிப் போகுது, மகன்?"

சஹனைச் சுற்றி (எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பெருந்தட்டு அது) இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ரிஸ்வானாவும் குசினி வாசலில் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வேகம் பிறந்தது. அதை நானே எடுத்துத் திருத்தி ஓட வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூட நான் அடுத்த வீட்டுப் பொடியனைக் கூப்பிடுகிறவன் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

மாமா கையைக் கழுவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "இரும்புக்காரன் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தி வருவான். அதுக்குள்ள வேலிக்கி அங்கால கொண்டு போனீங்கண்டா அது ஒங்கட. வேலிக்கி உள்ளுக்கு நிண்டா அது இரும்பு."

ரோட்டுக்கு மறுபக்கத்தில்தான் என் டியூஷன் கொட்டில். அதன் முற்றத்துக்குக் கோச்சியைக் கொண்டுவந்துவிட்டால் போதும். ஆனால் கொண்டுவருவதற்குப் பணம் வேண்டும். என்னிடம் இருந்ததெல்லாம் கோபம் மட்டும்தான். ஆகவே இணையத்தில் ஒரு பக்கம் திறந்து உலகத்திடம் கையேந்துவதென்று முடிவு செய்தேன். அந்த நாட்களில் பூனைக்குச் சத்திரசிகிச்சை செய்யக்கூட இணையத்தில் நிதி சேர்த்தார்கள். பூனைக்குக் கிடைப்பது கோச்சிக்குக் கிடைக்காதா?

வீடியோ எடுத்தவள் ரிஸ்வானா. கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, பாலாவியின் உச்சி வெயிலில், கோச்சியின் மேல் ஒரு கையை ஊன்றி நின்று பேசினேன். "இது ஒரு தனி மனிதனின் சொத்தல்ல! இதில் கை வைக்கிற ஒவ்வொருவருக்கும் இந்த எஞ்சினில் பங்கு உண்டு!" என்று முழங்கினேன். முழங்கிய பிறகுதான் ஊன்றிய கை வெந்துபோனது தெரிந்தது. வீடியோவின் கடைசியில் நான் கையை உதறுவதை மக்கள் உணர்ச்சிவசப்பட்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நன்கொடை ரிஸ்வானாவுடையது. இரண்டாவது, வேறொரு பெயரில், என்னுடையது. அதன் பிறகு கட்டாரில் இருக்கிற கூட்டாளிமார் கொஞ்சம் போட்டார்கள். இத்தாலியில் முதியோரைப் பராமரிக்கப் போயிருந்த என் பழைய மாணவி ஒருத்தி, தான் பார்க்கிற கிழவனார் ரயில்வேயில் வேலை செய்தவர் என்று சொல்லி அவரிடமும் வாங்கி அனுப்பினாள். மற்றவர்கள் அறிவுரை அனுப்பினார்கள். "சேர், கோட்டைக் கழட்டுங்க, பாக்கவே வேர்க்குது" என்று ஒருவர் எழுதியதற்குத்தான் எல்லாவற்றிலும் அதிகமான விருப்பங்கள் விழுந்தன.

சேர்ந்த பணத்தில் புத்தளத்திலிருந்து ஒரு கிரேன்காரரைக் கூட்டிவந்தேன். அவர் கோச்சியைப் பார்க்கவே இல்லை. உப்பளத்து மண்ணில் காலை ஒரு தடவை மிதித்துப் பார்த்தார். "சேர், இதுக்குள்ள கிரேன எறக்கினா, கிரேனத் தூக்க இன்னொரு கிரேன் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மாம்புரி அந்தோனி சம்மாட்டி ஞாபகத்துக்கு வந்தார். கரைவலைக்காரர். கடலில் வளைத்துப் போட்ட வலையை, அதன் கயிறுகளைப் பிடித்து, கரையில் நின்று ஒரு கூட்டமே இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தின் தலைவர் அவர். அவருடைய ஆட்கள் இழுத்து வராத பொருள் என்று அந்தக் கடலில் ஒன்றும் மிச்சமில்லை. போய் விஷயத்தைச் சொன்னேன். சம்மாட்டி வெற்றிலையை மென்றபடி யோசித்தார்.

"இழுக்கலாம் சேர். வள்ளம் கரையேத்திற மாதிரிக் குத்தி போட்டு இழுக்கலாம். பங்கு எப்பிடி?"

நான்தான் வீடியோவில் பேசிப் பேசிப் பழகியிருந்தேனே. "பங்கு எல்லாருக்கும் உண்டு சம்மாட்டியார்! கை வைக்கிற ஒவ்வொருத்தருக்கும் உண்டு!"

"ஒவ்வொருத்தருக்குமா?"

"ஒவ்வொருத்தருக்கும்!"

சம்மாட்டி எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கரைவலையில் அதுதான் சட்டம் என்பது எனக்கு அப்போது தெரியாது. கயிறு பிடித்தவனுக்குப் பங்கு. வழியில் போனவன் வந்து பிடித்தாலும் பங்கு. இடையில் கையை விட்டவனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. நான் மேடைப் பேச்சுப் பேசினேன், அவர் ஒப்பந்தம் செய்துகொண்டார்.

குறித்த நாளும் வந்தது. கோச்சிக்கு அடியில் நீளமாக இரண்டு கட்டைகள் கட்டி, அதற்குக் கீழே உருளுகிற மாதிரித் தென்னங்குற்றிகளை ரோட்டு வரைக்கும் பரப்பியிருந்தார்கள். முன்னால் இழுக்கப் பெரிய கயிறு. ஓடிவிட்டால் பிடித்து நிறுத்தப் பின்னால் ஒரு கயிறு. ரிஸ்வானா நேரலையைத் தொடங்கினாள். நான் அதே கோட்டோடு கோச்சியில் ஏறி நின்றேன். பார்க்கிறவர்களுக்குப் பரவசம் வர வேண்டும் என்பதற்காக ஒரு வேலை செய்திருந்தேன். கோழிகளை விரட்டிவிட்டு, நெருப்பு அறை நிறையத் தேங்காய்ப் பொச்சுமட்டையை அடைத்துக் கொளுத்தினேன். கொதிகலன் ஓட்டை விழுந்தது, நீராவிக்கு வழியில்லை. ஆனாலும் புகைபோக்கியில் புகை வந்தால் எவ்வளவு அழகாக இருக்கும்!

புகை வந்தது. அழகாகத்தான் இருந்தது. அதற்குப் பின்னாலேயே குளவி வந்தது.

புகைபோக்கிக்குள் அவை எத்தனை தலைமுறையாகக் குடியிருந்தனவோ தெரியாது. முதல் கொட்டு என் மேலுதட்டில். இரண்டாவது காதில். "உலகெங்கும் வாழும் அன்பு நெஞ்சங்களே" என்று தொடங்கிய வாக்கியத்தை நான் அப்படியே கையில் எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த உப்புப் பாத்திக்குள் குதித்தேன். குளவி கொட்டிய முகத்தை உப்பு முற்றிய தண்ணீருக்குள் அமிழ்த்திப் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் குறைவாகத்தான் இருப்பார்கள். நான் போட்ட சத்தம் நேரலையில் துல்லியமாகக் கேட்டதாம்.

இதே நேரம் கயிற்றில் நின்றவர்களையும் குளவி துரத்தத் தொடங்கிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். ஆனால் விட்டால் பங்கு போய்விடுமே! ஆகவே அவர்கள் கயிற்றோடு ஓடினார்கள். குளவிக்குப் பயந்து முழு வேகத்தில், பங்குக்குப் பயந்து ஒரு கைகூட விடாமல். கோச்சி ஒரு தடவை முனகியது. பிறகு குற்றிகளின் மேல் உருண்டு, புகையைக் கக்கிக்கொண்டு, அடடா, ஓடத் தொடங்கியது.

சத்தம் கேட்டு வீட்டிலிருந்து மாமா ஓடிவந்தார். "வேலி! வேலி போவுது! நிப்பாட்டுங்கோ!" என்று கத்திக்கொண்டு, இன்னும் யாரும் பிடிக்காமல் பின்னால் இழுபட்டுப் போன கயிற்றை எட்டிப் பிடித்தார். கோச்சி அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

"விடுங்கோ வாப்பா! கைய விடுங்கோ!" என்று ரிஸ்வானா போனைப் பிடித்தபடியே கத்தினாள். (போனை அவளும் விடவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.) மாமா விடவில்லை. வேலி விழுந்தது, வாய்க்கால் ஓரத்து வாழை விழுந்தது, மாமாவின் தொப்பி விழுந்தது. கோச்சி ரோட்டில் ஏறி, நட்டநடுவில் குறுக்காக நின்றுவிட்டது.

கற்பிட்டியிலிருந்து வந்த பஸ் ஹோர்ன் அடித்தபடி நின்றது. அதற்குப் பின்னால் சீமெந்து லொறிகள். அந்த லொறிகளுக்குப் பின்னால், வெட்டுகிற சாமான்களோடு, இரும்புக்காரரின் லொறி. அவருக்கும் மாமா அதே நாளைத்தான் குறித்துக் கொடுத்திருந்தார்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய சனத்தைப் பார்த்துச் சம்மாட்டி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "பிடிங்க!" கொண்டக்டரும், மரக்கறிக் கூடையோடு வந்த பெண்களும், பள்ளிவாசலுக்குப் போக வெளிக்கிட்ட பெரியவர்களும் கயிற்றைப் பிடித்தார்கள். கோச்சி மெதுவாக என் கொட்டில் முற்றத்துக்குள் போய் உட்கார்ந்தது.

நான் உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட அங்கே வந்து சேர்ந்தபோது இரும்புக்காரர் பேசிக்கொண்டிருந்தார்.

"ஹாஜியார், நீங்க எனக்கு வாக்குக் குடுத்தீங்க. உள்ள நிண்டா என்ன, வெளிய நிண்டா என்ன? மனுசர்ட உசிருக்கு வென வைக்கிற சாமான். நான் வெட்டி எடுத்துட்டுப் போறன்."

மாமா உடம்பெல்லாம் மண்ணாக நின்றார். வேலியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஓடிய கோச்சி அது! நான் என் கண்ணால் பார்த்தேன், தண்ணீருக்குள் இருந்தபடி பார்த்தேன். அதை வெட்ட விடமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உதடு இட்டலி மாதிரி வீங்கியிருந்ததால் "வெவ்வெவ்வே" என்றுதான் வந்தது.

சம்மாட்டி குறுக்கே வந்தார். "வெட்ட ஏலாது. பங்கு இருக்கு."

"என்ன பங்கு?"

"சேர் வாக்குத் தந்தவர். கயிறு பிடிச்ச எல்லாருக்கும் பங்கு. எங்கட ஆக்கள், இந்தா பஸ்ஸில வந்த ஆக்கள், எல்லாரும் ஓம் எண்டு சொன்னாத்தான் விக்கலாம். நாங்க சொல்ல மாட்டம்." பிறகு மாமாவைக் காட்டினார். "ஹாஜியாருக்கும் பங்கு இருக்கு."

மாமா திடுக்கிட்டார். "நான் இழுக்கல்லியே! நிப்பாட்டத்தானே பிடிச்ச!"

"கயிறு பிடிச்சவன் என்னத்துக்குப் பிடிச்சான் எண்டு நாங்க கேக்கிறதில்ல ஹாஜியார். கடைசி வரைக்கும் விடல்லத்தானே?"

மாமா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். கயிறு உரசி இரண்டும் சிவந்து தோல் உரிந்திருந்தன. "விடல்ல" என்றார்.

"அப்ப பங்கு."

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். பஸ் சாரதி ஹோர்ன் அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டார். மாமா இரும்புக்காரர் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்கதானே? எனக்குப் பங்கு இரிக்கி. என்ட பங்க நான் விக்கல்ல."

சனம் கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டும்போது கோட்டிலிருந்து உப்புத் தண்ணீர் தெறித்து இரும்புக்காரரின் மேல் பட்டது. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

நான் உப்புப் பாத்திக்குள் குதித்த காட்சி, என் பேச்சு சேர்த்ததைவிடப் பல மடங்கு பணம் சேர்த்தது. சிரித்தவர்கள் அனுப்பினார்கள். கோட்டைக் கழற்றச் சொன்னவரும் அனுப்பினார். அந்தப் பணத்தில் கோச்சிக்கு ஒரு கூரை போட்டோம், துருவைச் சுரண்டினோம், புகைபோக்கியைப் புதிதாக்கினோம். கொதிகலன் வேலை இன்னும் நடக்கிறது. எப்போது ஓடும் என்று வெளிநாட்டுக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அன்றைக்குப் புகை வந்தது, சத்தம் வந்தது, ஓடியது, மாமாவை இழுத்துக்கொண்டு ஓடியது. நீராவி ஒன்றுதான் பாக்கி. இதற்கு மேல் ஒரு எஞ்சினிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

பங்காளிமார் இப்போதும் வருகிறார்கள். அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் யாராவது ஒருவர் ஜன்னலால் தலையை நீட்டி "எங்கட கோச்சி!" என்று பக்கத்து சீட்டுக்காரருக்குக் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

போன பெருநாளுக்கு மாமா வீட்டில் புது மருமகன் வந்திருந்தார், ரிஸ்வானாவின் தங்கையைக் கட்டியவர். வங்கியில் வேலை, கணக்கில் கெட்டிக்காரர். சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். "மாமா, இப்ப இரும்பு நல்ல வெலக்கிப் போகுது. அந்தக் கோச்சிய வித்தா என்ன?"

மாமா ஒரு துண்டு இறைச்சியை எடுத்து அவர் பக்கம் வைத்தார். சாப்பிடுவதை நிறுத்தி, தன் உள்ளங்கையை ஒரு தரம் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்.

"மகன், நீங்க கயிறு பிடிச்சீங்களா?"