செல்லையா சார் விட்டுப்போன பாடம்

செத்துப்போன இங்கிலீஷ் வாத்தியாரை எழுப்பியே தீருவது என்று வீரபாண்டி தீர்மானித்தது ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்க்கும்போது. தாலுகா ஆபீசில் ஒரு ஃபைலை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு நகர்த்த ஒரு வாரம் எடுத்துக்கொள்கிற மனிதர், இந்த வேலையை மட்டும் அன்றைக்கே முடித்துவிடத் துடித்தார்.

காரணம் சோறு. மனைவி யோகலட்சுமிக்குத் தென்காசியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசிலிருந்து நேர்காணல் கடிதம் வந்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை வரவேண்டும். இங்கிலீஷில் பேச வேண்டும். தேறிவிட்டால் காலை ஏழரை பஸ்ஸில் போய்விடுவாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து, ஆவி பறக்கச் சாப்பிட்டு, அரைமணி நேரம் கண்ணயர்கிற சுகம் அத்தோடு போச்சு. போகாதே என்று நேரே சொல்லியிருக்கலாம். வீரபாண்டி என்று பேர் வைத்தார்களே தவிர, அதற்கான தைரியத்தை யாரும் வைக்கவில்லை.

அவர்கள் குடியிருந்த வீட்டின் மாடியறையில் முன்பு வாடகைக்கு இருந்தவர் செல்லையா சார். டியூஷன் எடுப்பார். 'கெட்' என்கிற ஒரே வினைச்சொல்லை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால் லண்டன் வரை போய்வரலாம் என்பது அவர் கட்சி. போன ஐப்பசியில் ஒருநாள் உச்சிப்பொழுதில், கரும்பலகையில் 'கெட் அப், கெட் இன், கெட் ஆன்' என்று எழுதிக்கொண்டு வந்தவர் நாலாவதற்குக் கையைத் தூக்கினார். தூக்கியபடியே சாய்ந்துவிட்டார். நாலாவது இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கீழே இழுபட்டுக் கிடந்தது. அழிக்கப் போன வீட்டுச் சொந்தக்காரர் துணியைப் போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டதாகக் கேள்வி. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

வீரபாண்டி ஒரு குட்டி புளூடூத் ஸ்பீக்கரை வாங்கிவந்து அந்தக் கரும்பலகைக்குப் பின்னால் செருகினார். வெறும் குடத்தின் வாயில் வாயை வைத்துப் பேசிப் போனில் பதிவு செய்தார். "கெட் அப். கெட் அவுட். கெட் லாஸ்ட்." போட்டுக் கேட்டவர், தானே ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்குத் தெருவிலிருந்த தறிகளெல்லாம் சோற்றுக்கு நின்றன. காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்த சத்தம் நிற்கும்போது காது அடைத்துப்போகும். அவரவர் மூச்சு அவரவருக்கே கேட்கும். யோகலட்சுமி குழம்பு ஊற்ற, வீரபாண்டி மடியில் கிடந்த போனைத் தட்டினார்.

"கெட்... அப்..." மாடியிலிருந்து குரல் இறங்கி வந்தது.

"ஏங்க, கேட்டுச்சா?"

"என்னது? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"செல்லையா சார் கொரல் மாதிரில்லா இருக்கு."

"ஏட்டி, இங்கிலீஷ் படிக்கிற வீட்டுக்குத்தான் அவரு வருவாராம். ஆபீசுல சொல்லிக்கிடுதாங்க. நீ அந்தப் புஸ்தகத்த மூடி வச்சிரு."

கரண்டியை வைத்துவிட்டு அவள் மாடிக்குப் போனாள். வெகுநேரம் கழித்துக் கண் கலங்க இறங்கி வந்தாள்.

"பாவம்ங்க. பாதிப் பாடத்துல போயிட்டாவல்லா, அதான் ஆத்மா கெடந்து தவிக்கி. யாராவது உக்காந்து முழுசாக் கேட்டாத்தான் அடங்கும். நாளையிலேருந்து நான் உக்காருதேன்."

மறுநாள் கரும்பலகை முன்னால் ஒரு டம்ளர் காப்பியும் புதுச் சாக்பீஸும் வைத்து, நோட்டோடு உட்கார்ந்துவிட்டாள். "சார், 'கெட் அவுட்' எல்லாம் எனக்குத் தெரியும். மேல சொல்லுங்க" என்று கும்பிட்டாள். கீழே வீரபாண்டிக்கு வேர்த்துக் கொட்டியது. பேய் வாயை மூடிக்கொண்டால் குட்டு உடைந்துவிடும். அன்று சாயங்காலமே கடன் வாங்கிய அகராதியும் குடமுமாக உட்கார்ந்தார்.

கடிதம் கிடைத்தாலும் கெட். பஸ்ஸைப் பிடித்தாலும் கெட். சோறு ஆறிப்போனாலும் கெட். சொன்னது மண்டையில் ஏறினாலும் கெட். காய்ச்சல் தேறுவதற்கும் கெட், கிழடாகிப் போவதற்கும் கெட். ஒரே சொல் இத்தனை வேலை பார்க்கிறதே என்று, ஒரு வேலையும் பார்க்காத வீரபாண்டிக்கு எரிச்சலாக வந்தது. "சார், அடுத்தவங்கள வச்சு நம்ம காரியத்தச் சாதிச்சுக்கிட்டா எப்படிச் சொல்லணும்?" என்று அவள் கேட்டாள். அடுத்த நாள் ஆவி அதற்கும் உதாரணத்தோடு பதில் சொல்லியது.

வெள்ளிக்கிழமை ஸ்பீக்கரில் சார்ஜ் இல்லை. சார்ஜ் போட ஆபீசுக்குக் கொண்டுபோனவர் அதைப் பையிலேயே வைத்து மறந்துவிட்டார். மத்தியானம் பை அவர் முழங்காலருகில் இருந்தது. யோகலட்சுமி எதிரே நின்று சோறு போட்டுக்கொண்டிருந்தாள். தறிகள் நின்றன.

"வீர... பாண்டி..." மாடியிலிருந்து குரல் வந்தது. "கெட்... அவுட் ஆஃப்... ஹெர் வே. அவள் வழியில் நிக்காதே."

வீரபாண்டியின் கையிலிருந்த உருண்டை தட்டில் விழுந்தது.

"ஏங்க, ஒங்க பேரச் சொல்லில்லா கூப்பிடுதாவ! என்ன செஞ்சிய?"

"நான் ஒண்ணும் செய்யலைட்டி!" எச்சில் கையைக் கூப்பிக்கொண்டு அவர் மேற்கூரையைப் பார்த்தார். "சார், அவ போட்டும் சார். தென்காசி என்ன, தில்லிக்கே போட்டும்!"

"அப்போ மத்தியானச் சோறு?"

"நானே பொங்கிக்கிடுதேன்!"

"மாடிக்குக் கேக்கும்படியாச் சொல்லுங்க."

தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

யோகலட்சுமி நேர்காணலில் தேறினாள். வேலையில் சேர்வதற்கு முந்தைய நாள்தான் வாயைத் திறந்தாள். "மொத நாளே பலகைக்குப் பின்னால நீல லைட்டு மினுங்கிச்சு. வெள்ளிக்கிழமை அதே கொடத்துல பேசுனது நான். பழைய போன்ல பதிஞ்சு, பன்னெண்டு மணிக்கு அலாரமா வச்சேன். நீங்க வீட்டோட இருந்து காசில்லாம டியூஷன் எடுத்திய, வேண்டாம்னா சொல்லுவாவ?"

வீரபாண்டிக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. வீட்டில் பேய் இல்லை, பெண்டாட்டி மட்டும்தான்.

மறுநாள் மத்தியானம் குழைந்துபோன சோற்றோடு தனியே உட்கார்ந்தார். தறிகள் நின்றன. மாடியில் சாக்பீஸ் கீச்சிடும் சத்தம் கேட்டது. நின்று நின்று, நிதானமாக. பிறகு யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"கெட்..."

சிரித்துக்கொண்டேதான் போன் போட்டார். "ஏட்டி, வெளையாடாத. இன்னைக்கும் அலாரமா?"

"நான் ஒண்ணும் வைக்கலையே. பழைய போனு டிவி மேலல்லா கெடக்கு."

கிடந்தது. அணைந்து கிடந்தது. பக்கத்திலேயே ஸ்பீக்கரும் கிடந்தது.

"யோகா... மாடியில யாரோ எழுதுதாவட்டி."

யோகலட்சுமி மெதுவாகச் சொன்னாள்: "நோட்ட எடுத்துக்கிட்டு சீக்கிரம் மேல போங்க. லேட்டாப் போனா பெஞ்சு மேல ஏத்திருவாவ."