இந்த டிசம்பரில் பெட்டி கட்டுவதில்லை

முட்டை வாங்கப் போன இடத்தில்தான் வெர்னாவுக்கு விஷயம் தெரிந்தது.

கல்லாவில் இருந்த டார்லா முட்டையைத் தொடவேயில்லை. மூக்கை உறிஞ்சினாள்.

"போறீங்களா கண்ணு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

"எங்க போறேன்? வீட்டுக்குத்தான் போறேன். பில்லப் போடு."

"நடிக்காதீங்க. வெஸ்ட்லேண்ட் யுனிவர்சிட்டி ப்ளேன் காலைல இங்க எறங்கிருக்கு. எங்க மச்சான் அது கெளம்பினதுலேருந்து போன்ல பாத்துக்கிட்டே இருந்தான்."

டிசம்பர் பிறந்துவிட்டால் பெல்ஃபோர்க்கில் யாரும் பனி பெய்யுமா என்று வானத்தைப் பார்ப்பதில்லை. எந்தப் பல்கலைக்கழகத்தின் விமானம் எங்கே பறக்கிறது என்று போனைத்தான் பார்ப்பார்கள். கோதுமை வயலுக்கு நடுவே இருக்கிற எங்கள் ஓடுபாதையில் பெரிய இடத்து விமானம் இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கள் கல்லூரிக் கால்பந்து கோச்சைக் கொத்திக்கொண்டு போக வந்திருக்கிறார்கள். (எங்கள் ஊர்க் கால்பந்தில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள்.)

அந்தக் கோச், வெர்னாவின் புருஷன் ராய்ஸ் டாகெட்.

கோச்சுகளின் மனைவிமாருக்கு டிசம்பர் என்றாலே அட்டைப்பெட்டி மாதம். ஜெயித்தால் பெரிய இடம் கூப்பிடும், தோற்றால் இருக்கிற இடம் விரட்டும். எப்படியும் பெட்டி கட்டியாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து வெர்னா நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை ஊர் மாறும்போதும் புதுக் கல்லூரிக்காரன், "அங்க படிச்சது இங்க செல்லாது" என்று கையை விரிப்பான். மனித எலும்புகளை மூன்று ஊரில் மூன்று தடவை மனப்பாடம் செய்து மூன்று தடவையும் பாஸ் செய்தவள், பாவம். இங்கே ராய்ஸ் வேலை பார்க்கிற கல்லூரியிலேயே சேர்ந்து, ஒரே ஓர் அரையாண்டுதான் பாக்கி. மே மாதம் பட்டம். ஊர் ஆஸ்பத்திரியில் வேலைகூடத் தருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

"இந்த வருஷம் ஒரு பெட்டியும் கட்டறதா இல்ல," என்றாள் வெர்னா, முட்டைகளைப் பார்த்து.

வீட்டுக்கு வந்ததும் ராய்ஸைப் பிடித்துக்கொண்டாள்.

"வெஸ்ட்லேண்ட்காரன் கூப்பிட்டானா?"

"பேசினாங்க. பெரிய எடம் வெர்னா. எண்பதாயிரம் பேர் உக்காரற மைதானம். இங்க பாரு, மழை பெஞ்சா கூரை ஒழுகுது, பசங்க என் கார்ல உக்காந்து துணி மாத்தறானுங்க."

"என் படிப்பு?"

"அங்கயும் காலேஜ்தானே இருக்கு?"

"மறுபடியும் என்னை எலும்பு எண்ணச் சொல்றியா?"

ராய்ஸ் நல்ல மனுஷன்தான். தலையைச் சொறிந்தான். "கூப்பிட்டா போகத்தான் தோணுது. கூப்பிடலைன்னா பேசாம இருந்துருவேன்."

அவ்வளவுதானே! கூப்பிடவிடாமல் செய்துவிட்டால் ஆயிற்று.

"மொதல்ல டிவில போயி, 'நான் எங்கயும் போகலை'ன்னு தெளிவாச் சொல்லு. அவனுங்களே வெலகிருவானுங்க."

ராய்ஸ் போய்த் தெளிவாகச் சொன்னான். அவன் வீடு திரும்புவதற்குள் வாசல் புல்வெளியில் ஒரு கூட்டம். பூங்கொத்தும், பூசணிப் பலகாரமும், "போய் வாருங்கள் கோச்" என்று எழுதிய அட்டையுமாக நின்றார்கள். எங்கள் மேல் தப்பில்லை. இவனுக்கு முன்னால் இருந்த கோச், "என் பொணம்தான் இந்த ஊர விட்டுப் போகும்" என்று திங்கட்கிழமை சொன்னார். புதன்கிழமை உயிரோடு, நல்ல ஆரோக்கியத்தோடு, வேறு மாநிலத்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டு டிவியில் சிரித்தார்.

"நன்றி நன்றி" என்று பலகாரத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வெர்னா அடுத்த வேலையில் இறங்கினாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உள்ளூர் ரேடியோவில் கால்பந்துப் பேச்சு நடக்கும். யார் வேண்டுமானாலும் போன் செய்து யாரை வேண்டுமானாலும் திட்டலாம். வெர்னா மூக்கைப் பிடித்துக்கொண்டு போன் செய்தாள்.

"நான் ஓக் ரிட்ஜ்லேருந்து பெக்கி பேசறேன். இந்த டாகெட்டத் தூக்கி வச்சு ஆடறீங்களே, அந்தாளுக்கு என்னய்யா தெரியும்? பந்தத் தூக்கி எறியவே மாட்டான். கக்கத்துல இடுக்கிட்டு ஓடு, விழு, எந்திரி, திரும்ப ஓடு. கொட்டாவி வருது! துணிஞ்சு ஒரு காரியம் செய்யத் துப்பில்ல. இவனப் போயி எவனாவது கூட்டிட்டுப் போவானா?"

நன்றாகத்தான் திட்டினாள். ஆனால் வெஸ்ட்லேண்ட் நிலவரம் அவளுக்குத் தெரியாது. அங்கே அப்போதுதான் துரத்தப்பட்ட கோச், துணிச்சல் துணிச்சல் என்று பந்தை எறிந்து எறிந்தே பருவம் முழுக்கத் தோற்றிருந்தார். பெக்கியின் பேச்சு அந்த ஊர் போன்களில் எல்லாம் ஓடியது. "கொட்டாவி விட்டுக்கிட்டே ஜெயிக்கலாம்னா வேற என்னய்யா வேணும்?" என்று கொண்டாடினார்கள். மறுநாள் மாணவர்கள் நெஞ்சில் "எங்களுக்குக் கொட்டாவி வேண்டும்" என்று அச்சடித்த சட்டையோடு ஊர்வலம் போனார்கள்.

அன்று சாயங்காலமே வெஸ்ட்லேண்டின் விளையாட்டுத் துறைத் தலைவர் கிம்பிள் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார்.

"வரட்டும், வரட்டும்," என்று புடவைத் தலைப்பு இல்லாத குறையாக ஏப்ரனை இழுத்துச் செருகிக்கொண்டாள் வெர்னா. டப்பா மீனையும் நூடுல்ஸையும் கொட்டி, அடி கருக வேகவைத்தாள்.

கிம்பிள் கருகலைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். "கோச் சாயங்காலத்துல என்ன செய்வார்?"

"ஒம்பது மணிக்குக் குறட்டை விடுவார்," என்றாள் வெர்னா. ராய்ஸ் வாயைத் திறப்பதற்குள் அடுக்கினாள். "கோல்ஃப் ஆடத் தெரியாது. விருந்துக்குக் கூப்பிட்டா மூலைல உக்காந்துருவார். பணக்காரங்கள்ட்ட ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேசச் சொன்னா வேர்த்துக் கொட்டும்."

"பாருக்குப் போவாரா?"

"பாலுதான் குடிப்பார்."

கிம்பிள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "எங்க பழைய கோச்ச எந்த பார்லேருந்து எத்தனை மணிக்குத் தூக்கிட்டு வரணும்னு நான் தூங்காம கெடந்தேம்மா. மூணு வருஷம்! இப்படி ஒரு மனுஷனத்தான் தேடிக்கிட்டிருந்தோம்."

வாசலில் ராய்ஸின் கையைக் குலுக்கிவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்.

"என்னைப் பத்தி அவ்வளவு பெருமையாப் பேசினதுக்கு நன்றிம்மா," என்று ராய்ஸ் அவள் தோளைத் தட்டினான். வெர்னாவுக்கு அவனையும் மீனையும் சேர்த்து வெளியே எறியலாம் போலிருந்தது.

ராத்திரி முழுக்கப் புரண்டதில் அவளுக்கு ஒன்று உறைத்தது. புருஷனை மட்டம் தட்டிப் பிரயோஜனமில்லை. இந்த வேலையை உசத்த வேண்டும். இங்கேயே எல்லாம் கிடைத்தால் அவன் ஏன் போகிறான்?

காலையில் கல்லூரித் தலைவர் லாங்லியின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றாள்.

"மிஸஸ் டாகெட்! ஒக்காருங்க, ஒக்காருங்க. கோச் போறாராமே. எங்க எல்லாருக்கும் ரொம்ப வருத்தம்."

"வருத்தத்த வச்சு என்ன பண்றது? சம்பளத்த ஏத்துங்க. பசங்களுக்கு நல்ல துணி மாத்தற ரூம், ஒரு பெரிய உடற்பயிற்சிக் கூடம், ஒழுகாத கூரை. இது மூணும் குடுத்தா அவர் நகர மாட்டார். நான் பொறுப்பு."

"ஆசைதான். பணத்துக்கு எங்க போவேன்?"

"இவ்வளவு பெரிய காலேஜ்ல வெட்ட ஒண்ணுமே இல்லையா? யாருக்கும் வேண்டாம ஏதாவது ஒரு மூலைல ஓடிட்டிருக்காதா? ஒரு துறைய மூடினா குடியா முழுகிரும்?"

லாங்லி நாற்காலியில் நிமிர்ந்தார். "மூடினா அதுல இருக்கறவங்க கத்துவாங்களே."

"கத்தட்டும்! ரெண்டு நாள் கத்திட்டு வேற ஊருக்குப் போவாங்க. நான் போகல? ஒரு தலைவர்னா கொஞ்சம் நெஞ்சுறுதி வேணும் சார்."

"பெரிய தைரியசாலிம்மா நீங்க," என்றார் லாங்லி, மெய்யாகவே நெகிழ்ந்து. "எனக்கு இது தோணவே இல்ல பாருங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்து வருஷம், சம்பளம் இரண்டு மடங்கு. ராய்ஸ் பேனாவை மூடும்போதே வெஸ்ட்லேண்ட் கோபத்தில் வேறோர் ஆளை அமுக்கிவிட்டது. அந்தக் கதவும் சாத்தியாயிற்று.

மைதானத்தில் பேண்டு வாத்தியம். டார்லா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். "போகலையா கண்ணு!" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒரு டிசம்பர் வெர்னாவுக்குச் சொந்தமாகியிருந்தது. மே மாதம் மேடை ஏறும்போது ராய்ஸ் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டப் போகிறான். தட்டாவிட்டால் தட்ட வைப்பாள்.

டிராக்டர் கடைக்காரரும் ரசிகர் மன்றத் தலைவருமான கிளைட் ஹாம்பி, வாயெல்லாம் பல்லாக, அவள் கையில் ஒரு கோப்பை சூடான ஆப்பிள் சாற்றைத் திணித்தார்.

"எல்லாம் முடிஞ்சுதுல்ல கிளைட்? இவ்வளவு பெரிய உடற்பயிற்சிக் கூடம் கட்ட எடம் கெடைச்சுதா?"

"அதுக்கா பஞ்சம்? நம்ம காலேஜ் நர்சிங் துறைய இந்த மாசத்தோட இழுத்து மூடிட்டு, அந்தக் கட்டடத்தத்தான் எடுத்துக்கறோம். எல்லாம் உங்க யோசனைதானாமே!"